வெந்நீர் போடும் பேய்

நீங்க கையில வெச்சிருக்க இந்தக் கதை நல்லா இருக்காதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? யூட்யூப்லயா? ‘பயந்தாங்கொள்ளி’ சேனல்லயா? ஒரு பொம்பளை பேசுவா, மூஞ்சியக் காட்ட மாட்டா, திரையில ஒரு மெழுகுவத்தி மட்டும் எரிஞ்சுகிட்டே இருக்கும். அதானே?

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தங்கச்சி. பஸ் குலுக்குத குலுக்குல விழுந்துரும், இந்தப் பையை மடியில வெச்சுக்கிடுதேன். முருங்கைக்காய்தான், குத்தாது.

அந்தப் பொம்பளை நான்தான்.

சிரிக்காதீங்க. கேளுங்க: ‘வணக்கம் பயந்தாங்கொள்ளிகளே, கதவைத் தாழ்ப்பாள் போட்டாச்சா?’ இப்ப நம்புதீங்களா? மெதுவா, மெதுவா. முன்னால இருக்கவரு எங்க சபை ஆளு மாதிரி இருக்காரு. இல்ல, வேற யாரோ. எனக்கு இதே பயம்தான். பேரு ஞானசெல்வி. பாளையங்கோட்டையில தாவரவியல் டீச்சர். ஞாயித்துக்கிழமை கோயில்ல பாட்டுக் குழுவுல முன் வரிசையில நிப்பேன். நான் வாரம் தவறாம பேய்க்கதை படிச்சு, அதைப் பத்தி ஊரெல்லாம் கேக்க பேசுதேன்னு போதகர் ஐயாவுக்குத் தெரிஞ்சா, முதல்ல எனக்குத்தான் பேய் ஓட்டுவாரு. அதான் மூஞ்சியக் காட்டுதது இல்ல. குரல் மட்டும்தான்.

சின்ன வயசுலயிருந்து இந்தக் கிறுக்கு. பாடப் புஸ்தகத்துக்குப் போட்ட அட்டையைக் கழட்டி பேய்க்கதைக்குப் போட்டுப் படிச்சவ நான். இன்னைக்குத் தமிழ்ல பேய்க்கதை எழுதுத ஆளுக ஒருத்தரையும் நான் விட்டது கிடையாது.

டெவில் சேகர் படிச்சிருக்கீங்களா? வேண்டாம். முதல் பக்கத்துலயே ரத்தம். அடுத்த பக்கத்துல தலை உருளும். பாதிக் கதைக்குள்ள ஊர்ல ஆளே இருக்காது, பெறவு பேய் யாரைப் பயமுறுத்தும்? அது கதை இல்ல, கசாப்புக் கடை.

மோகனா ராஜப்பாவைச் சொல்லுவாங்க. எல்லாம் மலை மேல பங்களா. சுவத்துல ஜமீன் வீட்டு அம்மா படம். பேய் வந்து நின்னா, முதல்ல என்ன பட்டு, என்ன பார்டருன்னு சொல்லிட்டுத்தான் அலற விடுவாங்க. ஆனா ஒண்ணு, ஆளில்லாத வீட்டுல கதவு திறக்க சத்தத்தை அந்தம்மா எழுதுத மாதிரி எழுத ஆளே கிடையாது. அது ஒண்ணுக்காகவே வாங்குவேன்.

பேராசிரியர் தணிகைவேள்னு ஒருத்தரு. கதை முழுக்க நெஞ்சைப் பிடிச்சுகிட்டுப் படிப்போம். கடைசி அத்தியாயத்துல ஒரு டாக்டர் வந்து, ‘எல்லாம் மனப்பிரமை’ன்னு விளக்குவாரு. சாப்பிட்டுகிட்டு இருக்கப்ப இலையில தண்ணியக் கொட்டுத வேலை. அவரைப் பத்தி நான் பேசினதுக்கு, சேனல்ல போட்டிருக்க நம்பருக்கு ஃபோன் போட்டே திட்டினாரு. எனக்குச் சந்தோசமா இருந்துது.

ஆனா மருங்கூரான். அவரு வேற.

உங்க கையில இருக்கே, அந்த மருங்கூரான்தான். சொந்தப் பேரு அணைஞ்சபெருமாள். சுசீந்திரம் பக்கத்துல மருங்கூரு. ‘கொடியில் ஒரு சேலை’ன்னு ஒரு கதை எழுதினாரு. வீட்டுல ரெண்டு பொம்பளைங்க. மத்தியானம் துவைச்சுக் காயப் போடுதாங்க. சாயங்காலம் எடுக்கப் போனா கொடியில ஒரு சேலை கூட இருக்கு. அவ்வளவுதான். பேயே வராது. ‘இது உன்னுதா?’ன்னு ஒருத்தி கேப்பா, மத்தவ ‘இல்லையே’ம்பா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாப்பாங்க. நான் அதைப் படிச்சிட்டு ஒரு மாசம் மொட்டை மாடிக்கே போகல. எங்க அக்கா மரியபுஷ்பம்தான் துணி எடுத்துட்டு வருவா. பயம்ங்கது வந்து நிக்கதுல இல்ல தங்கச்சி, ஏற்கனவே வந்து இருக்கதுல இருக்கு. அந்த மனுசன்தான் எனக்கு அதைக் காட்டினாரு.

பெறவு அவருக்கு வாதம் வந்துட்டு. வலது கை போச்சு, பேச்சும் போச்சுன்னு சொன்னாங்க. ரொம்ப நாளா ஒண்ணும் வரல. திடீர்னு இந்தக் கதை வருது. ‘அவள் வெந்நீர் போடுகிறாள்’. நான் பஸ் ஸ்டாண்டு கடையில கட்டு பிரிக்கயிலயே நின்னு வாங்கினேன்.

என்ன கதை? ஒருத்தரு பொண்டாட்டி செத்துப் போறா. ரெண்டாங் கல்யாணம் பண்ணுதாரு. புதுசா வந்தவ காலையில எழும்பிப் பாத்தா, அடுப்புல வெந்நீர் தயாரா இருக்கு. தரை துடைச்சு இருக்கு. செத்தவதான் வந்து செஞ்சுட்டுப் போறா. முதல்ல பயப்படுதாங்க. அப்பறம் பழகிருது. ராத்திரி எச்சித் தட்டையெல்லாம் அப்படியே போட்டுட்டுப் படுத்துருதாங்க, அவ கழுவிருவான்னு. கடைசியில ரெண்டாவது பொண்டாட்டியும் காய்ச்சல்ல சாகுதா. மறுநாள் விடியுமுன்னே பாத்தா அடுப்புல ரெண்டு அண்டா வெந்நீர். முடிஞ்சு போச்சு.

ஐயோ, முடிவைச் சொல்லிட்டேனே! மன்னிச்சுக்கிடுங்க தங்கச்சி. என் வாயி அப்படி.

எனக்கு அப்படி ஒரு கோவம். ஏமாந்த கோவம். அலறல் இல்ல, நிழல் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க அக்கா பேய்க்கதையே தொட மாட்டா. அன்னைக்கு என்னமோ, நான் வெச்சிட்டுப் போன புஸ்தகத்தை எடுத்துக் கொஞ்சம் படிச்சிருக்கா. நான் வந்ததும், ‘செல்வி, இதை உள்ள வெச்சிரு, எனக்குப் பயமாருக்கு’ன்னா. ‘இதுல என்னக்கா பயம்? கூட்டிப் பெருக்குத பேயிக்கா பயப்படுத?’ன்னு நான் சிரிச்ச சிரிப்புல அவளும் சிரிச்சிட்டா. அவளுக்கு அவ்வளவுதான் விவரம், பாவம். கல்யாணம் கட்டல. அம்மா போன பெறவு வீட்டை அவதான் பாக்கா. வேலைதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

அன்னைக்கே மைக்கை வெச்சுப் பேசிட்டேன். நீங்க கேட்டிருக்கீங்களே. ‘மருங்கூரான் பேயை வீட்டு வேலைக்கு வெச்சிட்டாரு. வெந்நீர் போட்டுத் தருதுன்னா எனக்கும் ஒண்ணு அனுப்பி வைங்க, நானே வளத்துக்கிடுதேன். அண்ணாச்சி, உங்களுக்குப் பயமுறுத்த மறந்து போச்சு. பேனாவை மூடி வெச்சிருங்க.’ நான் பேசினதுலயே அதைத்தான் அதிகம் பேரு கேட்டாங்க. அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி, பேய்க்கு முந்தானையைச் சொருகி விட்ட மாதிரி படம் போட்டு, பயலுவ எல்லா இடத்துலயும் பரப்பிட்டானுவ. ரெண்டு மூணு நாளு எனக்குத் தரையில கால் பாவல தங்கச்சி. உண்மையைச் சொல்லுதேன். சந்தோசமாத்தான் இருந்துது.

போன வாரம் மாத நாவல் போடுத பதிப்பாளரு ஃபோன் பண்ணினாரு. திட்டுவாருன்னு நினைச்சேன். திட்டல. ‘அம்மா, மருங்கூரான் அடுத்த கதை பாதியில நின்னு போச்சு. இனி எழுதப் போறதில்லன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. நீங்க பேசினதை அங்க கேட்டாங்களாம்’ அப்படின்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டாரு.

அன்னையிலருந்து எனக்குச் சோறு இறங்கல. வாதம் வந்து கெடக்க மனுசனைப் பாத்து பேனாவை மூடுன்னு சொல்லிருக்கேன். என்னை வளத்த மனுசன். கோயில்ல பாட்டுப் பாடுதேன், வார்த்தை வாயில வருது, மனசுல அது மட்டும்தான் ஓடுது. நேர்ல போயி கால்ல விழுந்துட்டு வந்துருவோம்னு முடிவு பண்ணி, இன்னைக்கு லீவு போட்டுட்டுக் காலையில கிளம்பினேன். அக்கா இட்லி கட்டிக் குடுத்தா. வடசேரியில இறங்கி, இன்னொரு பஸ் பிடிச்சு மருங்கூரு.

வீட்டு வாசல்ல நிக்கயில தைரியம் போயிட்டு. வெளியே வந்தாங்க ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும். ஈரக் கையை முந்தானையில துடைச்சுகிட்டே, ‘யாரும்மா?’ன்னாங்க.

‘அண்ணாச்சியோட வாசகிக்கா. திருநெல்வேலியிலருந்து வாறேன்’னேன். மத்ததைச் சொல்லல.

அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. ‘இன்னொரு தடவை சொல்லுங்க’ன்னாங்க. காது கேக்கலையோன்னு நான் இன்னும் சத்தமாச் சொன்னேன். ‘சரி, உள்ள வாங்க’ன்னாங்க. அவங்கதான் அவரு வீட்டம்மா. வடிவக்கா.

அண்ணாச்சி சாய்வு நாற்காலியில இருந்தாரு. நல்ல வெள்ளை வேட்டி, நெத்தியில திருநீறு, சவரம் பண்ணின மூஞ்சி. வலது கை மடியில கெடக்கு, வேற யாரோ மறந்து வெச்சுட்டுப் போன மாதிரி. என்னைப் பாத்து சிரிச்சாரு. ‘ஆ... ஆங்’ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு.

நான் பேச ஆரம்பிச்சேன். எனக்குப் பயம் வந்தா பேசத்தான் தெரியும். ‘கொடியில் ஒரு சேலை’யைப் பத்திப் பேசினேன். அவரு கண்ணு கலங்கிட்டு. அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. அவரு மனசைத் தேத்துதேன்னு நினைச்சுகிட்டு, ‘அண்ணாச்சி, இந்தக் கடைசிக் கதையைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் மனசுல வெச்சுக்காதீங்க. அது நீங்க எழுதின மாதிரியே இல்ல. உடம்பு சரியில்லாத நேரத்துல வந்தது. அதை நாங்க கணக்குலயே எடுத்துக்கல. அந்தப் பேயி, அந்த வெந்நீரு, அதெல்லாம் உங்க கை இல்ல. குணமானதும் பழைய மாதிரி எழுதுங்க’ அப்படின்னேன்.

காப்பி கொண்டு வந்த வடிவக்கா அப்படியே நின்னுட்டாங்க.

அண்ணாச்சி தலையை ஆட்டுதாரு. ‘ஆங்... ஆங்’ன்னு. ஆமான்னு சொல்லுதாருன்னு நினைச்சேன். பெறவு இடது கையைத் தூக்கி வடிவக்காவைக் காட்டினாரு. ‘அவ’ன்னாரு. எனக்குப் புரியல. நாற்காலிக் கைப்பிடியில ஓங்கி அடிச்சாரு. ‘அவ! அவ!’ மூஞ்சியெல்லாம் பெருமை தங்கச்சி. பரிச்சையில முதலா வந்த பிள்ளையைக் காட்டுத தகப்பன் மாதிரி. வாயில எச்சி வடியுது, சிரிக்காரு, ‘அவ’ங்காரு.

‘சும்மா இருங்க’ன்னு வடிவக்கா அதட்டிட்டு, அவரு வாயைத் துடைச்சு விட்டாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது.

எங்கயாவது ஓடிப் போயிரலாம்னு இருந்துது. டம்ளரை எடுத்துகிட்டு அடுப்படிக்கு அவங்க பின்னாலேயே போனேன். ‘அக்கா, நான் தெரியாம...’ன்னு ஆரம்பிச்சேன்.

‘வாசல்ல நீங்க வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுட்டு’ன்னாங்க. ‘அதான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அந்தக் குரலை மறக்க முடியுமா?’

கோவமாச் சொல்லல. அது இன்னும் கஷ்டமா இருந்துது. முருங்கைக்காயை நறுக்கிகிட்டே சொன்னாங்க. அவங்களுக்குப் பேய்க்கதையே பிடிக்காதாம். புருசன் எழுதினதுல ஒண்ணைக்கூட முழுசாப் படிச்சதில்லையாம். வாதம் வந்த பெறவு அண்ணாச்சி யார்கிட்டயும் முகம் குடுக்காம சுவத்தைப் பாத்தே கெடந்திருக்காரு. அவரு பேரு ஒரு தடவை அச்சுல வந்தா எழும்பி உக்காருவாரோன்னு, இவங்களா உக்காந்து எழுதியிருக்காங்க. ஒவ்வொரு நாளும் எழுதினதை அவருக்கு வாசிச்சுக் காட்டுவாங்களாம். அவரு தலையாட்டுவாராம், இல்லாட்டி கைப்பிடியில அடிப்பாராம். அடிச்சா திருத்துவாங்களாம்.

‘பேயை எனக்கு என்ன தெரியும்? அதனால எனக்கு எது பயமோ அதை எழுதினேன்’னாங்க.

‘உங்களுக்கு என்னக்கா பயம்?’ன்னேன்.

‘சாவுக்குப் பயமில்லம்மா. கல்யாணம் கட்டி வந்த நாள்லயிருந்து இந்த அடுப்புக்கு முன்னாலதான் விடியுது. அது போகட்டும், அது என் பாடு. செத்த பெறவும் விடியக்காலம் எழும்பி வெந்நீர் போடணுமோ, அங்கயும் விட மாட்டாங்களோன்னுதான் பயம்’னாங்க. கத்தியை வெச்சிட்டு என்னைப் பாத்தாங்க. ‘எனக்கும் ஒண்ணு அனுப்புங்கன்னு சொன்னீங்களே. அந்த இடத்துல எனக்கே சிரிப்பு வந்துட்டு.’

இத்தனை வருசமா பேய்க்கதை படிக்கேன். பயம் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் சொல்லித் தாறவ நான். அந்தக் கதையில அது பக்கத்துக்குப் பக்கம் இருந்துருக்கு, என் கண்ணுக்குத் தெரியல. ரெண்டு அண்டா வெந்நீர்! இப்ப நினைச்சாலும் முடி நட்டுக்குது, இந்தா பாருங்க கையை.

ஒரு நிமிசம். ஃபோன் வருது. எங்க அக்காதான்.

சொல்லுக்கா... வள்ளியூரு தாண்டியாச்சு. இல்ல, சாப்பிடல. ரசம் வெச்சு ஒரு துவையல் அரைச்சிரு, போதும். உனக்கு முட்டு வலியா? அதுக்குத்தான் தைலம் இருக்குல்லா, தேயி. ஆங், வெந்நீர் போட்டு வெச்சிரு, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. வையி.

எங்க விட்டேன்? ஆமா, அடுப்படி.

கையைப் பிடிச்சுகிட்டு அழுதேன். மன்னிச்சிருங்கன்னேன். அந்த வீடியோவை எடுத்துருதேன், இதை எழுதினது நீங்கதான்னு ஊருக்கே சொல்லுதேன்னேன். ‘அது மட்டும் வேண்டாம்’னு பதறிட்டாங்க. ‘அவரு பேருல வந்தது அவரு பேருலயே இருக்கட்டும். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது’ன்னு சத்தியம் வாங்கினாங்க. நானும் பண்ணிக் குடுத்தேன். நீங்களும் சொல்லிராதீங்க, என்ன? நீங்க யார்கிட்ட சொல்லப் போறீங்க.

வீடியோவை அங்க நின்னே அழிச்சேன். ஆனா வெட்டிப் பரப்பினதை என்ன செய்ய? அது இப்பவும் எங்கெங்கயோ ஓடிகிட்டுத்தான் இருக்கும்.

‘அடுத்த கதை பாதியில நிக்குன்னாங்களே, அது என்னக்கா?’ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனா கேக்காம இருக்க என்னால முடியல. கண்ணைத் துடைச்சுகிட்டே கேக்கேன், உள்ளுக்குள்ள ஆசை பறக்குது.

சொன்னாங்க. ஒரு பொம்பளை. கல்யாணம் ஆகி வந்ததுலயிருந்து யாருமே அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டது இல்ல. புருசனுக்கு ‘ஏய்’. பிள்ளைகளுக்கு ‘அம்மா’. மத்தவங்களுக்கு ‘மதினி’, ‘சித்தி’. அவளுக்கே பேரு பாதி மறந்து போச்சு. ஒரு நாளு மத்தியானம், வீட்டுல யாரும் இல்லாத நேரம், புழக்கடையில துணி துவைச்சுகிட்டு இருக்கா. தென்னைக்குப் பின்னாலயிருந்து அவ பேரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிடுது. சின்னப் பிள்ளையில அவளைக் கூப்பிட்ட மாதிரி, பேரை நீட்டி. பதில் சொன்னா போச்சுன்னு அவளுக்குத் தெரியும். வாயை மூடிகிட்டு உள்ள வந்துருதா. மறுநாளு கிணத்தடியிலருந்து. அதுக்கு மறுநாளு அடுப்படி ஜன்னலுக்கு வெளியே. கிட்ட வந்துகிட்டே இருக்கு. அவ பயந்து சாகுதா. ஆனா ஒரு நாளு அந்தக் குரல் வரலன்னா அவளுக்கு இருப்புக் கொள்ளல. தலையைச் சீவிப் பொட்டு வெச்சுகிட்டு மத்தியானம் எப்ப வரும்னு காத்துகிட்டு இருக்கா. கடைசியில ஒரு நாளு, அவ முதுகுக்குப் பின்னால, காதுகிட்ட கூப்பிடுது. அவ வாயைத் திறக்கா.

அதோட நிறுத்திட்டாங்க.

நட்ட நடு மத்தியானம். அடுப்படியில வெயில் அடிக்கு. என் முதுகைத் திரும்பிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. மருங்கூரானே இப்படி ஒண்ணு எழுதினது கிடையாது. ‘பதில் சொன்னாளாக்கா?’ன்னேன்.

‘எனக்கு எப்படித் தெரியும்? எழுதினாத்தானே தெரியும்.’

‘எழுதுங்கக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். எனக்காக இல்ல, அண்ணாச்சிக்காக.’

வடிவக்கா நறுக்கினது போக மிச்ச முருங்கைக்காயை ஒரு பையில போட்டு என் கையில குடுத்தாங்க. வாசல் வரைக்கும் கூட வந்தாங்க.

‘உக்காந்து பாக்காம இல்லம்மா’ன்னாங்க. ‘தினமும் அவரு தூங்கின பெறவு உக்காந்து பாக்கேன். முன்னாடியெல்லாம் பேனாவை எடுத்தா அவ பேரைக் கூப்பிடுத குரல் எனக்கே கேக்கும். இப்ப உங்க குரல்தான் கேக்கு.’

மருங்கூருலயிருந்து வடசேரி வரைக்கும் நான் வாயைத் திறக்கல தங்கச்சி. கண்டக்டர் எங்க போணும்னு கேட்டப்பகூட கையை மட்டும்தான் காட்டினேன். இனி யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு நினைச்சுகிட்டுத்தான் இந்த பஸ்ல வந்து உக்காந்தேன்.